ஒரு காய்கறித் தோட்டமும் இரண்டு பொய்ச்சாட்சிகளும்: ஆகாப் மன்னனின் கதை

கி.மு. 853ஆம் ஆண்டு. இன்றைய சிரியாவில், ஓரோண்டஸ் ஆற்றங்கரையில் உள்ள கர்க்கார் என்னும் இடத்தில் ஒரு பெரும்போர் நடந்தது. அசீரியப் பேரரசன் மூன்றாம் சல்மனேசரைத் தடுத்து நிறுத்த அந்த வட்டாரத்து அரசர்கள் ஒன்றுகூடினார்கள். யார் யார் எவ்வளவு படையோடு வந்தார்கள் என்பதைச் சல்மனேசர் கல்லில் வெட்டி வைத்தான். 1861இல் துருக்கியின் கூர்க் என்ற இடத்தில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இஸ்ரயேல் நாட்டு மன்னன் ஆகாப் 2,000 தேர்களையும் 10,000 வீரர்களையும் கொண்டு வந்தான் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. தேர்களின் எண்ணிக்கை மிகையாக இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எப்படியானாலும், பேரரசன் ஒருவன் பெயர் சொல்லிக் குறித்து வைக்கும் அளவுக்கு ஆகாப் பெரிய மன்னன்.

ஆனால் அவன் பெயரைக் கேட்டதும் இன்று யாருக்கும் அந்தத் தேர்ப்படை நினைவுக்கு வருவதில்லை. அரண்மனைச் சுவருக்கு அருகில் இருந்த ஒரு சிறிய திராட்சைத் தோட்டமும், அதன் உரிமையாளரைக் கொல்ல அமர்த்தப்பட்ட இரண்டு பொய்ச்சாட்சிகளுமே நினைவுக்கு வருகின்றன. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், அரசர்கள் நூலில் வரும் வரலாறு இது.

தந்தை விலைக்கு வாங்கிய மலை

ஆகாப் அரச பரம்பரையில் பிறந்தவன் அல்லன். அவன் தந்தை ஓம்ரி படைத்தளபதி. அரியணைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு கிடந்த நாட்டில், போர்க்களத்திலேயே படைவீரர்கள் ஓம்ரியை அரசனாக்கினார்கள். அவனுக்கு முன்பு அரியணையைப் பிடித்த சிம்ரி ஆண்டது ஏழே நாள்.

ஓம்ரி புதிய தலைநகர் கட்ட விரும்பினான். அதற்கு ஒரு மலையைத் தேர்ந்தெடுத்தான். அந்த மலை செமேர் என்பவனுக்குச் சொந்தமாக இருந்தது. கையில் படை இருந்தும் ஓம்ரி அதைப் பறிக்கவில்லை. இரண்டு தாலந்து வெள்ளி கொடுத்து முறைப்படி வாங்கினான். ஒரு தாலந்து என்பது 30 கிலோவுக்கும் அதிகம். நகருக்கும் பழைய உரிமையாளரின் பெயரைத் தழுவியே சமாரியா என்று பெயரிட்டான்.

தந்தை விலை கொடுத்து வாங்கிய அந்த மலைமீதுதான் மகன் 22 ஆண்டுகள் அரசாண்டான். ஏறத்தாழ கி.மு. 874 முதல் 853 வரை என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். ஆகாப் பல நகரங்களைக் கட்டினான். தந்தத்தால் அலங்கரித்த மாளிகை ஒன்றையும் எழுப்பினான் என்று விவிலியம் கூறுகிறது. 1930களில் சமாரியாவில் நடந்த அகழாய்வில் நுட்பமாகச் செதுக்கிய தந்தத் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன.

சீதோன் இளவரசி

இன்றைய லெபனான் கடற்கரையில் அப்போது வணிகத்தில் கொடிகட்டிப் பறந்தவர்கள் சீதோனியர்கள். அவர்களுடைய மன்னன் ஏத்பாகாலின் மகள் யேசபேலை ஆகாப் மணந்தான். நாட்டுக்கு நாடு உறவை வலுப்படுத்தும் அரசியல் திருமணம் அது.

யேசபேல் தன் தெய்வமான பாகாலின் வழிபாட்டையும் உடன் கொண்டு வந்தாள். ஆகாப் சமாரியாவில் பாகாலுக்குக் கோயில் கட்டிக்கொடுத்தான். அதே நேரத்தில் தன் பிள்ளைகளுக்கு அகசியா, யோராம் என்று இஸ்ரயேலின் இறைவனாகிய யாவேயின் பெயர் ஒலிக்கும் பெயர்களையே வைத்தான். இரண்டு பக்கமும் கால் வைத்து நின்ற மனிதன் அவன்.

அரசன் என்றால் யார் என்பதிலும் கணவனும் மனைவியும் வெவ்வேறு பாடம் படித்தவர்கள். இஸ்ரயேலின் சட்டப்படி அரசனும் சட்டத்துக்குக் கீழ்ப்பட்டவன். சட்டத்தின் படி ஒன்றைத் தன் கையில் வைத்து நாள்தோறும் படிக்க வேண்டும். சக மனிதருக்கு மேலானவனாகத் தன்னை எண்ணக் கூடாது என்று அது கட்டளையிட்டது. மக்கள் முதன்முதலில் தங்களுக்கு அரசன் வேண்டும் என்று கேட்டபோதே, அரசன் வந்தால் உங்கள் வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் எடுத்துக்கொள்வான் என்று முதியவர் சாமுவேல் எச்சரித்திருந்தார். யேசபேலுக்கோ, விரும்பியதை எடுத்துக்கொள்ள முடியாதவன் எப்படி அரசனாவான் என்பதே புரியவில்லை.

வறட்சியில் புல் தேடிய மன்னன்

ஆகாபின் ஆட்சியில் கடும் வறட்சி வந்தது. கீலேயாத் மலைநாட்டிலிருந்து வந்த எலியா என்னும் இறைவாக்கினர், மழை நின்றுபோகும் என்று மன்னனிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மறைந்துபோனார். குதிரைகளும் கோவேறு கழுதைகளும் சாகாதிருக்க எங்காவது புல் கிடைக்குமா என்று ஆகாப் ஒரு திசையிலும், அரண்மனைப் பொறுப்பாளர் ஒபதியா மறு திசையிலும் தேடி அலைந்தார்கள்.

இதே ஒபதியா ஓர் இரகசியம் வைத்திருந்தார். யேசபேல் இறைவாக்கினர்களைத் தேடித் தேடிக் கொன்றபோது, அவர்களில் 100 பேரை ஐம்பது ஐம்பது பேராக இரு குகைகளில் ஒளித்து உணவும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினார். அரண்மனைச் சம்பளம் வாங்கியவர்தான் அவரும். ஆனாலும் தவறான ஆணைக்கு அவர் துணை போகவில்லை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது ஒபதியாவை மறந்துவிடக் கூடாது.

கர்மேல் மலையில் எலியாவுக்கும் பாகாலின் 450 இறைவாக்கினர்களுக்கும் நடந்த பலப்பரீட்சையும், அதன் முடிவில் அந்த 450 பேரும் கொல்லப்பட்டதும், மழை திரும்பியதும் பலரும் அறிந்த கதை. அதற்குப் பின் யேசபேலின் சினத்துக்கு அஞ்சி எலியா பாலைநிலத்துக்கு ஓடினார். ஆகாப் எதையும் தடுக்கவும் இல்லை, எதற்கும் தலைமை ஏற்கவும் இல்லை. நடந்ததை மனைவியிடம் போய்ச் சொன்னதோடு சரி.

பெரியவர்களைக் கேட்டு வென்றவன்

ஆகாப் கோழையல்லன். முட்டாளும் அல்லன். சிரியாவின் அரசன் பெனாதாத் 32 சிற்றரசர்களோடு வந்து சமாரியாவை முற்றுகையிட்டபோது அது தெரிந்தது.

பெனாதாத் முதலில் வெள்ளியும் பொன்னும் மனைவி மக்களும் தனக்கே என்று கேட்டான். ஆகாப் பணிந்தான். அடுத்து, தன் ஆட்கள் வீடு வீடாகப் புகுந்து கண்ணுக்குப் பிடித்ததை எல்லாம் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லி அனுப்பினான். அப்போது ஆகாப் நாட்டின் மூப்பர்கள் அனைவரையும் அழைத்து ஆலோசனை கேட்டான். மூப்பர் என்போர் ஊர்ப் பெரியவர்கள். நியாயம் விசாரிப்பவர்களும் அவர்களே. இணங்க வேண்டாம் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். மன்னன் கேட்டான். போரில் வென்றான்.

பிறர் வீட்டில் புகுந்து பிடித்ததை எடுத்துக்கொள்வது அநியாயம் என்பது அன்று ஆகாபுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. காரணம், அன்று பறிகொடுக்க இருந்தவன் அவன்.

மறு ஆண்டும் பெனாதாத் தோற்றான். ஆகாப் அவனைச் சகோதரன் என்று அழைத்து, ஒப்பந்தம் செய்து விடுவித்தான். இதை ஓர் இறைவாக்கினர் கண்டித்தபோது மன்னன் முகம் வாடி, சினத்தோடு வீடு திரும்பினான். அதே முகவாட்டம் அடுத்த நிகழ்ச்சியிலும் வருகிறது.

நாபோத்தின் மறுப்பு

சமாரியா தலைநகர் என்றாலும், வடக்கே செழிப்பான பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருந்த யெஸ்ரயேல் நகரில் ஆகாபுக்கு இன்னோர் அரண்மனை இருந்தது. அதை ஒட்டி நாபோத் என்பவனின் திராட்சைத் தோட்டம் இருந்தது. யெஸ்ரயேல் பகுதியில் பாறையில் குடைந்த பழங்காலத் திராட்சை ஆலை ஒன்றை அகழாய்வாளர்கள் கண்டறிந்துள்ளார்கள். திராட்சை அந்த மண்ணில் நன்றாக விளைந்திருக்கிறது.

ஆகாப் நாபோத்திடம் நேரில் பேசினான். தோட்டம் அரண்மனைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதைக் காய்கறித் தோட்டமாக்க விரும்புவதாகச் சொன்னான். மாற்றாக அதைவிட நல்ல தோட்டம் தருவதாகவும், பணமே வேண்டுமென்றால் அதற்குரிய விலை தருவதாகவும் கூறினான். வணிகமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத பேரம்.

நாபோத் மறுத்தான். மூதாதையர் விட்டுச்சென்ற உரிமைச் சொத்தை உமக்குக் கொடுப்பதை இறைவன் தடுப்பாராக என்பதே அவன் பதிலின் சாரம். விவிலியம் முழுவதிலும் நாபோத் பேசுவது இந்த ஒன்றைத்தான்.

இது வெறும் பிடிவாதம் அல்ல. இஸ்ரயேலில் நிலம் இறைவனுக்கு உரியது என்பது சட்டம். குடும்பத்துக்குக் கிடைத்த பங்கை நிரந்தரமாக விற்க முடியாது. வறுமையால் விற்றாலும் 50ஆம் ஆண்டில் அது பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு குலத்தின் நிலம் இன்னொரு குலத்துக்குப் போகக் கூடாது. நாபோத் அந்தத் தோட்டத்துக்கு உரிமையாளன் என்பதைவிட, பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையில் நின்ற காவலன் என்று சொல்வதே பொருத்தம்.

திராட்சைக் கொடி ஒரு பருவத்தில் காய்த்து முடியும் பயிரும் அல்ல. புதிதாக நட்டவற்றின் கனியை முதல் 3 ஆண்டுகள் உண்ணக் கூடாது, 4ஆம் ஆண்டின் விளைச்சல் இறைவனுக்கு, 5ஆம் ஆண்டிலிருந்துதான் வீட்டுக்கு என்று சட்டம் சொன்னது. பல ஆண்டு உழைப்பில் வேரூன்றிய கொடிகளைப் பிடுங்கிவிட்டுக் கீரையும் வெங்காயமும் போட மன்னன் நினைத்தான்.

படுக்கையில் தொடங்கிய பொய்

ஆகாப் வீடு திரும்பி, படுக்கையில் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தான். இரண்டு போர்களில் வென்ற மன்னன், கேட்ட பொருள் கிடைக்காத பிள்ளையைப் போல் கிடந்தான்.

யேசபேல் வந்து காரணம் கேட்டாள். நாபோத்திடம் விலைக்குக் கேட்டதையும் மாற்றுத் தோட்டம் தருவதாகச் சொன்னதையும் ஆகாப் கூறினான். ஆனால் நாபோத்தின் பதிலைச் சொன்னபோது ஒன்றை விட்டுவிட்டான். மூதாதையர் சொத்து என்ற சொல்லும், இறைவனின் பெயரும் அவன் வாயிலிருந்து வரவில்லை. என் தோட்டத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் சொன்னதாக மட்டுமே சொன்னான்.

சட்டத்தை மதித்து மறுத்த குடிமகன், அந்த ஒரு வரியில் அரசனை அவமதித்த திமிர்பிடித்தவனாக மாறிவிட்டான். யெஸ்ரயேலில் பிறகு இரண்டு பேர் சொன்ன பொய் பெரிது. ஆனால் அதற்கு விதை போட்டது மன்னன் சொன்ன இந்தப் பாதி உண்மை.

முத்திரையிட்ட கடிதங்கள்

தோட்டத்தை நான் வாங்கித் தருகிறேன், எழுந்து சாப்பிடுங்கள் என்று யேசபேல் தேற்றினாள். ஆகாபின் பெயரில் கடிதங்கள் எழுதினாள். அவனுடைய முத்திரையை இட்டாள். நாபோத்தின் ஊரிலேயே இருந்த மூப்பர்களுக்கும் தலைவர்களுக்கும் அனுப்பினாள். கொலைக்கு அடியாட்களை அனுப்பவில்லை. சட்டத்தையே அனுப்பினாள்.

கடிதத்தில் இருந்தவை இவை. ஊரில் நோன்பு அறிவிக்க வேண்டும். மக்கள் கூட்டத்தில் நாபோத்தை முன்னிடத்தில் உட்கார வைக்க வேண்டும். அவனுக்கு எதிரே இரண்டு கயவர்களை உட்கார வைக்க வேண்டும். அவன் இறைவனையும் அரசனையும் பழித்ததாக அவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். பிறகு அவனை வெளியே கொண்டுபோய்க் கல்லால் எறிந்து கொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றிலும் சட்டம் தெரிந்தவரின் கை இருந்தது. நோன்பு அறிவித்தால், ஏதோ பாவத்தால் ஊருக்குக் கேடு வந்திருக்கிறது என்று மக்கள் அஞ்சுவார்கள். இறைவனையோ மக்களின் தலைவனையோ பழிக்கக் கூடாது என்பது சட்டம். மரண தண்டனைக்கு ஒரு சாட்சி போதாது, இரண்டு வேண்டும் என்பதும் சட்டம். அதனால்தான் இரண்டு பேர். முதல் கல்லைச் சாட்சிகளே எறிய வேண்டும் என்ற விதியும் இருந்தது. பொய் சொல்பவன் கை நடுங்கட்டும் என்பதற்காக வைத்த விதி அது.

அப்பாவியைக் காக்க எழுதிய விதிகள் வரிசையாக அவனைக் கொல்லும் படிகள் ஆயின.

கேட்கப்படாத ஒரு கேள்வி

யெஸ்ரயேலின் மூப்பர்கள் கடிதத்தில் இருந்தபடியே செய்தார்கள். மன்னன் சிரியாவின் மிரட்டலுக்கு ஆலோசனை கேட்டபோது நிமிர்ந்து நின்று மறுப்புச் சொன்ன அதே மூப்பர் மரபைச் சேர்ந்தவர்கள் இவர்கள். நாபோத்தைப் பிறந்தது முதல் அறிந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

பொய்ச்சாட்சி என்று ஐயம் வந்தால் நீதிபதிகள் தீர விசாரிக்க வேண்டும். பொய் என்று தெரிந்தால், குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வர இருந்த தண்டனையையே பொய்ச்சாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது. அந்த விதியை மட்டும் யாரும் நினைக்கவில்லை. எங்கே சொன்னான், எப்போது சொன்னான், வேறு யார் கேட்டார்கள் என்று ஒருவரும் கேட்டதாகப் பதிவு இல்லை.

கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சூசன்னாவின் கதை இங்கே நினைவுக்கு வரும். இச்சைக்கு இணங்காத அந்தப் பெண்மீது நடுவர்களாக இருந்த இரண்டு முதியவர்களே பொய்ப்பழி சுமத்தினார்கள். கொல்ல அழைத்துச் செல்லும் வழியில் தானியேல் என்ற இளைஞர் குறுக்கிட்டார். இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் ஒரு மரத்தைச் சொன்னார், மற்றவர் வேறொரு மரத்தைச் சொன்னார். ஒரே கேள்வியில் ஓர் உயிர் தப்பியது.

நாபோத்துக்கு அப்படி ஒரு கேள்வி கேட்க ஆளில்லை. அவனை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிந்து கொன்றார்கள். அவன் பிள்ளைகளின் இரத்தமும் சிந்தப்பட்டது என்பது அரசர்கள் நூலின் பிற்பகுதியில் தெரிகிறது. அரசத் துரோகியின் நிலம் அரசனைச் சேரும் வழக்கம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். வழக்கம் எதுவானாலும், உரிமை கேட்க வாரிசு இல்லாமல் போயிற்று.

இன்னொரு சிறு குறிப்பையும் கவனிக்க வேண்டும். கடிதங்கள் ஆகாபின் பெயரில் வந்தன. ஆனால் நாபோத் இறந்துவிட்டான் என்ற செய்தியை மூப்பர்கள் அனுப்பியது யேசபேலுக்கு. எழுதியது யார் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஏமாந்து செய்தோம் என்று சொல்ல அவர்களுக்கு வழியே இல்லை.

யேசபேல் ஆகாபிடம் நாபோத் உயிரோடு இல்லை என்று மட்டும் சொன்னாள். நேற்றுவரை நலமாக இருந்தவன் எப்படி இறந்தான் என்று மன்னன் கேட்கவில்லை. எழுந்தான். தோட்டத்தைக் கையகப்படுத்தப் புறப்பட்டான்.

தோட்டத்தில் காத்திருந்தவர்

தோட்டத்தில் ஆகாப் எலியாவைச் சந்தித்தான். என் எதிரியே, கண்டுபிடித்துவிட்டாயா என்ற பொருளில் மன்னன் பேசினான். குற்றவாளி மட்டுமே பேசக்கூடிய பேச்சு அது.

கொலையும் செய்து சொத்தையும் எடுத்துக்கொண்டாயா என்பதே எலியா கொண்டு வந்த கேள்வி. கடிதம் எழுதியவள் யேசபேல். பொய் சொன்னவர்கள் அந்த இருவர். தீர்ப்பளித்தவர்கள் மூப்பர்கள். கல்லெறிந்தது ஊர். ஆகாபின் கையில் ஒரு துளி இரத்தமும் இல்லை. ஆனால் எலியா கொலைகாரன் என்று குறித்தது ஆகாபைத்தான். முத்திரை அவனுடையது; பலனும் அவனுக்கு; கேட்க வேண்டியதைக் கேட்காதவனும் அவனே.

நாபோத்தின் இரத்தத்தை நாய்கள் நக்கியதுபோல் ஆகாபின் இரத்தத்தையும் நக்கும் என்றும், அவன் குலம் அழியும் என்றும் எலியா அறிவித்தார். ஆகாப் உடைகளைக் கிழித்துக்கொண்டு, சாக்கு உடுத்தி, நோன்பிருந்து, தலை தாழ்த்தி நடந்தான். அதனால் குலத்தின் அழிவு அவன் மகன் காலத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவன் மனவருத்தத்தை விவிலியம் மதிப்போடு குறிப்பிடுகிறது. ஆனால் தோட்டத்தை அவன் திருப்பிக் கொடுத்ததாக ஒரு சொல்லும் இல்லை.

400 பேரும் ஒருவரும்

ஆகாபின் முடிவும் பொய்ச்சாட்சியோடு சேர்ந்தே வந்தது.

சிரியாவிடமிருந்து ராமோத் கீலேயாத் நகரை மீட்க ஆகாப் திட்டமிட்டான். யூதா நாட்டு மன்னன் யோசபாத்தும் உதவிக்கு வந்தான். போகலாமா என்று 400 இறைவாக்கினர்களைக் கேட்டார்கள். போங்கள், வெற்றி உங்களுக்கே என்று 400 பேரும் சொன்னார்கள். அவர்களில் ஒருவன் இரும்புக் கொம்புகள் செய்து வந்து, எதிரியை எப்படி முட்டித் தள்ளலாம் என்று நடித்தே காட்டினான்.

யோசபாத்துக்கு ஐயம் தீரவில்லை. வேறு யாரும் உண்டா என்று கேட்டான். மிகாயா என்று ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் எனக்கு நல்லதே சொல்வதில்லை என்பதால் அவரை வெறுக்கிறேன் என்று ஆகாப் ஒப்புக்கொண்டான்.

மிகாயாவை அழைத்து வரப்போன ஆள், மற்றவர்கள் சொன்னதையே சொல்லிவிடுங்கள் என்று வழியிலேயே அறிவுரை கூறினான். மிகாயா முதலில் கேலியாக அப்படியே சொன்னார். உண்மையைச் சொல் என்று ஆகாபே வற்புறுத்தினான். அப்போது, மேய்ப்பன் இல்லாத ஆடுகள்போல் இஸ்ரயேலர் மலைகளில் சிதறிக் கிடப்பதைக் கண்டதாகவும், அந்த 400 பேரின் வாயிலும் பொய்யின் ஆவி இருப்பதாகவும் மிகாயா கூறினார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. சிறையும், உயிர் ஒட்டியிருக்க மட்டும் உணவும் தண்ணீரும் கிடைத்தன.

நாபோத்தை வீழ்த்த இரண்டு பொய்ச்சாட்சிகள் போதுமாயிருந்தன. ஆகாபை வீழ்த்த 400 பேர் வந்தார்கள். உண்மை பேசுபவனை எதிரி என்று விரட்டிய மன்னனைச் சுற்றி, அவனுக்குப் பிடித்ததைச் சொல்பவர்கள்தாம் மிஞ்சினார்கள்.

ஆகாப் அரச உடையைக் களைந்துவிட்டு மாறுவேடத்தில் போருக்குப் போனான். யாரோ ஒரு வீரன் குறியின்றி எய்த அம்பு கவசத்தின் இணைப்பில் புகுந்தது. எதிரிக்கு முன் தேரில் தாங்கி நிறுத்தப்பட்டபடியே மாலைவரை இருந்து, கதிரவன் மறையும் வேளையில் இறந்தான். சமாரியாவின் குளக்கரையில் அவன் தேரைக் கழுவினார்கள். நாய்கள் வந்து இரத்தத்தை நக்கின.

கடிதம் திரும்பி வந்தது

ஏறத்தாழ 12 ஆண்டுகள் கழித்து, ஆகாபின் மகன் யோராம் ஆட்சியில் இருந்தபோது படைத்தளபதி யெகூ கிளர்ச்சி செய்தான். அவன் யோராமை எதிர்கொண்ட இடம் நாபோத்தின் நிலம். யோராமைக் கொன்று உடலை அந்த நிலத்திலேயே எறியச் சொன்னான். ஆகாபுக்கு எதிரான தீர்ப்பு உரைக்கப்பட்ட நாளில் தேரில் அவனுக்குப் பின்னால் வந்தவர்களில் யெகூவும் ஒருவன். யேசபேலை அவளுடைய சொந்த ஊழியர்களே சன்னலிலிருந்து கீழே தள்ளினார்கள்.

அடுத்து யெகூ செய்தது கடிதம் எழுதியது. ஆகாபின் ஆண்வழி வாரிசுகள் 70 பேர் சமாரியாவில் இருந்தார்கள். அங்கிருந்த தலைவர்களுக்கும் மூப்பர்களுக்கும், ஆகாபின் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கும் அக்கடிதம் போயிற்று. அவர்கள் நடுங்கினார்கள், சொன்னபடி செய்வதாகப் பதில் அனுப்பினார்கள். இரண்டாம் கடிதத்தில், நாளை இந்நேரம் 70 பேரின் தலைகளோடு யெஸ்ரயேலுக்கு வாருங்கள் என்று இருந்தது. செய்தார்கள். தலைகள் கூடைகளில் போயின.

மறுநாள் காலை யெகூ மக்கள் முன் நின்று, அரசனைக் கொன்றது நான், இவர்களைக் கொன்றது யார் என்று கேட்டான். பிறகு யெஸ்ரயேலில் ஆகாபுக்கு வேண்டியவர்களையும் பெரிய மனிதர்களையும் ஒருவரும் மிஞ்சாமல் வெட்டினான்.

அரண்மனையிலிருந்து கடிதம் வந்தால் கேள்வி கேட்காமல் கொல்ல வேண்டும் என்ற பாடத்தை அந்த நாட்டுப் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆகாபின் முத்திரை. அவர்கள் அதை மறக்கவில்லை. அதே பாடம் ஆகாபின் சொந்தப் பிள்ளைகளைத் தின்றது.

இன்றும் நிற்கும் வழக்கு

இதில் யாரும் புதிய சட்டம் எதையும் உருவாக்கவில்லை. நோன்பு, ஊர்க்கூட்டம், இரண்டு சாட்சிகள், மூப்பர்களின் தீர்ப்பு என்று எல்லாம் முறைப்படியே நடந்தது. ஏட்டில் பார்த்தால் நாபோத்தின் வழக்கில் ஒரு குறையும் இருந்திருக்காது. பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, கொலை செய்யாதே, களவு செய்யாதே என்ற நான்கு கட்டளைகள் சட்டத்தின் பெயராலேயே மீறப்பட்டன.

சாட்சிக் கூண்டில் நிற்பவர்களுக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. குடும்பத் தகராறில் பாதியை மட்டும் எடுத்துச் சொல்பவர், நடக்காத கூட்டத்துக்கு வந்ததாகக் கையெழுத்திடுபவர், மேலிடத்துச் சொல் என்பதற்காகத் தெரிந்த பொய்யை ஊருக்கு முன் ஆமோதிப்பவர், தனக்குச் சாதகமான முடிவு எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் வாங்கிக்கொள்பவர் என்று ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது. குகையில் 100 பேரை ஒளித்துவைத்த ஒபதியாவுக்கும், அறை வாங்கியும் சொல்லை மாற்றாத மிகாயாவுக்கும் அதே கதையில்தான் இடம் இருக்கிறது.

ஆகாபின் தேர்ப்படை ஓர் அசீரியக் கல்லில் எண்ணாக நிற்கிறது. அவன் தந்த மாளிகை உடைந்த துண்டுகளாக அருங்காட்சியகங்களில் கிடக்கிறது. ஏறத்தாழ 2,900 ஆண்டுகள் கழிந்த பிறகும் முழுதாக நிற்பது, மூதாதையர் நிலத்தைத் தரமாட்டேன் என்று நாபோத் சொன்ன அந்த ஒரு பதில்தான்.